சத்தம் வருது, ரயில் ஏன் நகர மாட்டேங்குது?

மாடல் ரயில் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு வர்ற சந்தேகம் இது: "வீட்டுல பழைய அனலாக் கன்ட்ரோலர் இருக்கு. சத்தம் வர்ற எஞ்சின் வாங்கினா அதுல ஓடுமா?" பெரும்பாலும் ஓடும். ஆனா எப்படி ஓடும்னு தெரியாம காசைப் போடாதீங்க. சத்தமில்லாத மாடலைவிட இதோட விலை கணிசமா அதிகம்.

அனலாக் ரொம்ப எளிமை. குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை டிசி மின்சாரம் வரும். வோல்ட் ஏற ஏற வேகம் கூடும். துருவத்தை மாற்றினால் ரயில் பின்னால் போகும். அவ்வளவுதான்.

டிசிசி வேற மாதிரி. அங்கே தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். "3-ஆம் எண் எஞ்சின், விசில் அடி" என்கிற கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகவே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்து மோட்டாரையும் ஸ்பீக்கரையும் இயக்கும்.

டிகோடர் ஒரு குட்டி கம்ப்யூட்டர். அனலாக்ல அது கண் முழிக்கவே சுமார் 5, 6 வோல்ட் வேணும். முதல்ல சத்தம் வரும், ரயில் நகராது. இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் மோட்டார் சுற்றும். ஆக, குமிழின் முதல் பாதி எஞ்சினை எழுப்பவே போயிடும். மொத்த வேகமும் மீதிப் பாதிக்குள்ள அடங்கணும். மெதுவா ஸ்டேஷனுக்குள்ள நுழையுறது கஷ்டம். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தா சத்தமும் பட்டுனு நின்னுடும். எஞ்சின் நின்னுக்கிட்டே உறுமணும்னா, நகரத் தொடங்குற இடத்துக்குச் சற்றுக் கீழே குமிழை நிறுத்துங்க.

விசில், மணி? கட்டளை அனுப்ப வழியில்லாததால் நினைத்தபோது அடிக்க முடியாது. க்யூஎஸ்ஐ-யின் குவாண்டம் மாதிரி சில டிகோடர்களில் மட்டும், திசை சுவிட்சை மாற்றித் திருப்பினால் ஹாரன் அடிக்கும்.

மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, சிவி 29 என்ற செட்டிங்கில் அனலாக் அனுமதி இருக்கணும். அதன் மதிப்பு 4. அது அணைஞ்சிருந்தா எஞ்சின் அசையாது, பழுதுன்னு நினைச்சுடாதீங்க. இதை மாற்ற டிசிசி கருவி வேணும், கடையிலேயே கேட்டு மாத்திக்கோங்க. ரெண்டு, மின்சாரத்தைத் துண்டுதுண்டா துடிப்புகளா அனுப்புற கன்ட்ரோலர் வேண்டாம், டிகோடர் குழம்பிடும். சீரான டிசிதான் நல்லது. மூணு, பழைய பவர் பேக்கை மல்டிமீட்டர்ல அளந்து பாருங்க. சில 20 வோல்ட்டையும் தாண்டும், டிகோடர் எரியலாம்.

தனியா ஒரே எஞ்சின், சத்தம் கேட்டாலே சந்தோஷம்னா தாராளமா வாங்குங்க. பக்கத்துல ஒரு சாதா எஞ்சினையும் அதே தண்டவாளத்துல ஓட்டணும்னா, இது கண் முழிக்கறதுக்குள்ள அது பாதி சுற்று போயிருக்கும். விசில் உங்க கையில இருக்கணும்னா, முதல் செலவு எஞ்சினுக்கு இல்ல, டிசிசி கன்ட்ரோலருக்கு.