48 வினாடிப் பயணத்துக்கு 20 ஆண்டு உழைப்பு!
செனாப் பாலத்தைத் தாங்கி நிற்பது எது?

சுரங்கத்தின் இருட்டு முடிந்து வெளிச்சம் வருகிறது. ரயில் பெட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கோ அதல பாதாளத்தில் ஒரு நதி ஓடுகிறது. அதுதான் செனாப். குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள். பெரியவர்கள் சாமி பெயரைச் சொல்கிறார்கள். "எவ்வளவு உயரம்? எவ்வளவு உயரம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்கிறார்கள். பதில் கிடைப்பதற்குள் ரயில் மறுகரை போய்ச் சேர்ந்து விடுகிறது!

பாலத்தின் நீளம் 1,315 மீட்டர். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ரயில் ஓடும்படி அமைக்கப்பட்டது. அந்த வேகத்தில் போனால் 48 வினாடிக்குள் தாண்டி விடலாம். ஆனால் அந்த 48 வினாடிக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது.

ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், பக்கல் என்ற ஊரையும் கவுரி என்ற ஊரையும் இணைக்கும் இந்தப் பாலம் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அன்று முதல் அதைப் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். ரயிலில் போகிறவர்கள் கீழே பார்க்கிறார்கள். கீழே நிற்கிறவர்கள் மேலே பார்க்கிறார்கள். எல்லோருடைய பேச்சும் உயரத்தைப் பற்றித்தான்.

ஐந்து ராஜகோபுரங்கள்!

நதிப் படுகையிலிருந்து தண்டவாளம் வரை 359 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,178 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினால்தான் இந்த உயரம் வரும். டில்லிவாசிகள் ஐந்து குதுப்மினார்கள் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரம் கூட இதற்குக் கீழேதான்.

இங்கே ஒரு சிறு திருத்தம் தேவை. "உலகத்திலேயே உயரமான பாலம்" என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. உலகத்திலேயே உயரமான ரயில் பாலம் என்பதே சரி. மோட்டார் வாகனங்கள் போகும் பாலங்களில் இதைவிட உயரமானவை சீனாவில் உண்டு. அந்நாட்டின் குய்சோ மாகாணத்தில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஒரு தொங்கு பாலம் நதிக்கு மேல் 625 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் மோட்டார் வண்டியைத் தாங்குவது வேறு; ஆயிரக்கணக்கான டன் எடையோடு அதிர்ந்து கொண்டு ஓடும் ரயிலைத் தாங்குவது வேறு.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 359 மீட்டர் என்பது தூணின் உயரம் அல்ல, பள்ளத்தாக்கின் ஆழம். நதிக்குள்ளிருந்து இந்தப் பாலத்துக்கு ஒரு தூண் கூட எழவில்லை. அப்படியானால் பாலம் எதன் மீது நிற்கிறது? அந்தக் கேள்வியில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

ஏன் அவ்வளவு உயரம்?

சாலை என்றால் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கலாம். நதியைச் சிறு பாலத்தில் தாண்டி மறுபடி ஏறலாம். லாரியும் பஸ்ஸும் முக்கி முனகி ஏறிவிடும். ரயில் அப்படி ஏறாது. இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரம் செங்குத்தான மேட்டில் வழுக்கும். ஆகவே ரயில் பாதை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போக வேண்டும். குறுக்கே மலை வந்தால் குடைய வேண்டும். பள்ளம் வந்தால் பாலம் கட்ட வேண்டும். உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாக பாராமுல்லா வரை செல்லும் 272 கிலோ மீட்டர் பாதையில் 36 சுரங்கங்களும் 943 பாலங்களும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

செனாப் பள்ளத்தாக்கின் நடுவே தூண் எழுப்ப வழியில்லை. எனவே கரைக்குக் கரை ஒரு பெரிய எஃகு வளைவு கட்டுவது என்று முடிவாயிற்று. அந்த வளைவின் அகலம் மட்டும் 467 மீட்டர். வளைவின் முதுகின் மேல் தூண்கள். தூண்களின் மேல் தண்டவாளம்.

வளைவு என்பது வில் போன்றது. மேலே எடை ஏறினால், அது தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாக உதைக்கும். அந்த உதையை வாங்கிக் கொள்ள இரு பக்கமும் அசையாத சுவர் வேண்டும். செனாப் பாலத்துக்கு அந்தச் சுவர் இமயமலைதான்!

மலை உறுதியாக இருந்தால் பாலமும் உறுதி. மலை நகர்ந்தால்...?

நொறுங்கிய மலை

அங்கேதான் சிக்கல். இமயமலை பார்ப்பதற்குத்தான் கம்பீரம். வயதில் இளைய மலை. நிலநடுக்கங்களால் உலுக்கப்பட்டு நொறுங்கிய மலை. பாலம் அமைந்த இடத்தில் இருப்பது டோலமைட் வகைப் பாறை. அது ஒரே கல்லாக இல்லை. வெடிப்புகளால் துண்டு துண்டாகப் பிளந்து கிடக்கிறது. தோண்டத் தோண்ட, முன்கூட்டிப் போட்ட கணக்குக்கு மாறாக, உள்ளே பொந்துகள் தென்பட்டன. பத்தடி தள்ளினால் பாறையின் குணமே மாறியது.

இந்தப் பாறையில் பாலத்துக்குக் கால் ஊன்றச் செய்யும் வேலையில் ஈடுபட்டவர்களில் ஒருவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியை ஜி. மாதவி லதா. சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். சரிவுகளையும் அஸ்திவாரங்களையும் பற்றி ஆலோசனை கூறும் பணியில் 17 ஆண்டுகள் இருந்தார்.

"முதலில் முழு வரைபடம், பிறகு வேலை" என்பது கட்டடக் கலையின் பொது விதி. அந்த விதி இங்கே செல்லவில்லை. பாறையைத் திறந்து பார்த்து, கண்ட நிலைக்கு ஏற்ப வரைபடத்தைத் திருத்தி, மறுபடி தோண்டி, மறுபடி திருத்தி வேலை செய்ய வேண்டியிருந்தது. போகப் போக வடிவமைப்பது என்ற இந்த முறையைப் பற்றி மாதவி லதா ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். துணி கொண்டு வந்தவரின் அளவு தைக்கத் தைக்க மாறிக்கொண்டே போனால் தையல்காரர் என்ன பாடுபடுவார்? என்ஜினியர்கள் அந்தப் பாடுதான் பட்டார்கள்.

சரிவுகளைப் படிப்படியாக வெட்டினார்கள். வெடிப்புகளுக்குள் சிமெண்ட் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி அடைத்தார்கள். பாறையில் ஆழமாகத் துளையிட்டு எஃகுக் கம்பிகளை இறக்கி, உதிரிப் பாறையை உள்பாறையோடு சேர்த்துத் தைத்தார்கள். அஸ்திவாரத்துக்கு மேலும் கீழும் சுற்றியும் இப்படி மலையையே பழுது பார்த்த பிறகுதான் பாலத்தின் கால் அதில் ஊன்றப்பட்டது.

வேலை நின்றது!

பாலத்தின் வேலை 2004-ல் தொடங்கியது. 2008-ல் நின்றது. இந்த இடம் பத்திரமானதுதானா, சூறைக்காற்றையும் பூகம்பத்தையும் பாலம் தாங்குமா என்ற கேள்விகள் எழுந்தன. ரயில் பாதையையே வேறு வழியில் கொண்டு போக வேண்டும் என்று அனுபவமிக்க என்ஜினியர்களே வாதாடினார்கள். விவகாரம் டில்லி ஹைகோர்ட் வரை சென்றது.

அப்போது "பணம் பாழ், காலம் பாழ்" என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. அது முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை. காஷ்மீர் மக்கள் ரயிலுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ரயில் போகும் பாலத்தில், "பார்த்துக் கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடம் இருக்க முடியாது. எழுப்பப்பட்ட ஒவ்வொரு சந்தேகமும் பாலத்துக்கு இன்னும் ஒரு பரிசோதனையைத் தேடிக் கொடுத்தது. சரிவின் உறுதியையும் பூகம்ப அபாயத்தையும் டில்லி, ரூர்க்கி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். குண்டு வெடிப்பைத் தாங்கும் விதம் பற்றி ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் ஆலோசனை சொன்னது. மணிக்கு 266 கிலோ மீட்டர் வேகக் காற்றையும் தாங்கும்படி வடிவமைத்தார்கள். காற்றின் வேகம் மணிக்கு 90 கிலோ மீட்டரைத் தாண்டினாலே சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். சாலை, நிறுத்தம், மறு ஆய்வு, அஸ்திவாரம் என்று எல்லாம் முடிந்து வளைவின் ஆதாரங்கள் தயாரானது 2017 நவம்பரில். வளைவின் இரு பாதிகளும் வானத்தில் கை கோத்தது 2021 ஏப்ரல் 5 அன்று. ஆகாயத்தில் வளைவு எழுப்ப மூன்றரை ஆண்டு; பூமியில் கால் ஊன்றப் பதின்மூன்று ஆண்டு! நம் கண் மேலேயே போகிறது. பாடுபட்டதோ பெரும்பாலும் கீழே.

கழுதையில் தொடங்கி கம்பியில்...

வேலை தொடங்கியபோது அந்த இடத்துக்குச் சாலையே இல்லை. ஆரம்ப நாட்களில் ஆட்கள் நடந்து போனார்கள். சாமான்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போயின. பாலம் கட்டுமுன் பாலத்துக்குப் போக சாலை போட வேண்டியிருந்தது. மலைச் சாலையில் பெரிய எஃகுத் துண்டுகளைக் கொண்டு வர முடியாது. ஆகவே மலை மேலேயே பட்டறைகள் அமைத்து, தகடுகளை வெட்டி, பற்றவைத்துப் பாகங்களைத் தயாரித்தார்கள். பாலத்தில் சேர்ந்த எஃகு 28,000 டன்னுக்கு மேல்.

பள்ளத்தாக்கின் குறுக்கே 915 மீட்டர் தூரத்துக்கு எஃகு வடம் கட்டி, அதில் ஓடும் கிரேன் மூலம் பாகங்களை எடுத்துச் சென்றார்கள். இரு கரையிலிருந்தும் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக அந்தரத்தில் நீண்டது. நடுவில் சேரும் வரை பின்னாலிருந்து வடங்கள் இழுத்துப் பிடித்திருந்தன. எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் இரு முனைகளையும் பொருத்தினார்கள்.

கொங்கண் ரயில்வே நிறுவனத்தின் மேற்பார்வையில் நடந்த இந்த வேலையில், பற்றவைப்பவர்கள், போல்ட்டு முடுக்குபவர்கள், கிரேன் ஓட்டுபவர்கள் என்று எத்தனையோ பேர் சொந்த ஊரை விட்டு வந்து அந்த மலையில் ஆண்டுக் கணக்கில் தங்கினார்கள். இடுப்பில் பாதுகாப்பு வாரும் கீழே பாதாளமுமாக நின்று அவர்கள் செய்த வேலை அது. பிழைப்புக்காக வெளியூர் போனவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

பாலம் திறந்ததும் பத்திரிகைகள் மாதவி லதாவைப் புகழ்ந்து தள்ளின. அவர் சொன்ன பதில் குறிப்பிடத்தக்கது. பாராட்டுக்குரிய ஆயிரக்கணக்கானவர்களில் தாமும் ஒருவர் மட்டுமே, தம்மை அநாவசியமாகப் பிரபலமாக்க வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். நிறைகுடம்!

ஆப்பிள் ஏறிய ரயில்

இத்தனை பாடும் எதற்கு? விடை சில மாதங்களிலேயே கிடைத்தது. 2025 ஆகஸ்டு, செப்டம்பரில் பெய்த பெருமழையில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மண் சரிந்து அடைபட்டது. ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நாள் கணக்கில் வழியில் நின்றன, பழங்கள் அழுகின. ஒரு வருஷத்து உழைப்பு சாலையோரத்தில் வீணாவதைப் பார்த்துத் தோட்டக்காரர்கள் தவித்தார்கள். செப்டம்பரில் பட்காமிலிருந்து டில்லிக்கு ஆப்பிள் ஏற்றிய பார்சல் ரயில் புறப்பட்டது. எல்லாப் பழத்தையும் அது காப்பாற்றிவிடவில்லை. ஆனாலும், சாலை அடைபட்டால் காஷ்மீரே அடைபட்டது என்ற பழைய நிலை மாறிவிட்டது.

தமிழ்நாட்டோடும் இந்தப் பாதைக்கு ஓர் உறவு உண்டு. கன்னியாகுமரியில் புறப்படும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் ஊர் கட்ரா. அங்கிருந்து ஸ்ரீநகர் போகும் வழியில்தான் செனாப் பாலம். இந்தப் பாலம் திறப்பதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு, 2025 ஏப்ரல் 6 அன்று, பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஒன்று அலைகளின் மேல் தாழ்வாகப் போகிறது. மற்றது பள்ளத்தாக்கின் மேல் உயரமாகப் போகிறது.

ஊருக்குப் பணம் சேர்த்து, லீவு சேர்த்து, என்றாவது ஒரு நாள் காஷ்மீர் பார்க்கப் போகிறவர்கள் அந்த 48 வினாடியில் கீழே நதியைப் பார்க்கட்டும். ஆனால் ரயில் கரையை நெருங்கும்போது ஒரு நொடி மலைச் சரிவையும் பார்க்கட்டும். சிமெண்டும் கம்பியுமாகத் தையல் போட்ட அந்த மலைதான் பாலத்தைத் தாங்கி நிற்கிறது.