இரைச்சலும் தாலாட்டாகும்!

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு கிடையாது. நள்ளிரவில் லாரி வந்து நிற்கும். பின்கதவு 'தடால்' என்று விழும். மூட்டை இறக்குவோர் குரல் கேட்கும். பல ஆண்டுகளாக இந்தச் சந்தடியில்தான் நான் உறங்கி வருகிறேன். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை என்பது வீட்டார் தரும் சான்று!

அப்படிப்பட்ட எனக்கு மசினகுடியில் தூக்கம் வரவில்லை.

என் தங்கை கணவர் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தங்கை மகளுக்குச் சீர் கொண்டு போனவன் ஓர் இரவு தங்க நேர்ந்தது. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மசினகுடி. சுற்றிலும் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. பக்கத்தில் தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகும் சாலையில், பந்திப்பூர் காட்டுப் பகுதிக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்ல 2009 முதல் தடை உள்ளது. ஒரு சில பேருந்துகளுக்கும் அவசர ஊர்திகளுக்கும் மட்டுமே விலக்கு. ஆகவே ஷட்டர் இறங்கிய சற்று நேரத்தில் ஊரே அடங்கிவிட்டது.

அந்த அமைதிதான் எனக்குத் தொல்லையாயிற்று. எங்கோ ஒரு நாய் குரைத்தது, விழித்தேன். கடையில் ஃபிரிட்ஜ் 'கிர்'ரென்று கிளம்பிச் சற்று நேரத்தில் நின்றது, விழித்தேன். கூரைத் தகரம் குளிரில் 'டிக்' என்றது, மறுபடியும் விழித்தேன்.

"ஏனுங்க மச்சான், தூக்கம் வரலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மாப்பிள்ளை.

"சத்தமே இல்லையே மாப்பிள்ளை, எப்படித் தூங்கறது?"

அவர் சிரித்துவிட்டார். "நான் உங்க ஊருக்கு வந்தா லாரிச் சத்தத்துல விடிய விடிய முழிச்சிருக்கறேன். உங்களுக்கு இங்க இப்படியாக்கும்!" என்று சொல்லி, ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, ஒன்றாம் எண்ணில் ஓடவிட்டார். காற்று என்மேல் படவில்லை; 'ஊ...' என்ற ஒரே சீரான ஓசை மட்டும் அறையை நிரப்பியது. எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போகும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் நினைவில் நின்றது.

"ரெண்டாம் நம்பருக்குப் போயிராதீங்க மச்சான். ஆனை வந்தா காதுல விழணும்."

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தூக்கம் கெட்டு வாடும் நம் வணிக நண்பர்கள் பலருக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

காது உறங்குவதில்லை

கண்ணுக்கு இமை இருக்கிறது; காதுக்கு இல்லை. நாம் உறங்கும்போதும் காது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். எதற்கு எழுப்புவது, எதை விட்டுவிடுவது என்று மூளைதான் தரம் பிரிக்கிறது. இங்கிலாந்தில் அயன் ஆஸ்வால்டும் அவருடைய கூட்டாளிகளும் 1960ல் வெளியிட்ட ஆய்வில், தூங்குபவர்களுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பினார்கள். மற்றப் பெயர்களைவிடத் தம்முடைய சொந்தப் பெயருக்கே அவர்கள் அதிகமாக அசைந்து கொடுத்தார்கள். இடி இடித்தாலும் எழாத தாய், குழந்தை சிணுங்கினால் எழுவது இதனால்தான். நாள் முழுவதும் கல்லாவில் உழைத்துச் சாய்ந்த வணிகரும் ஷட்டரை யாராவது தட்டினால் உடனே எழுந்து உட்கார்கிறார் அல்லவா?

ஆகவே தூக்கத்தைக் கெடுப்பது சத்தத்தின் அளவு மட்டும் அன்று. சத்தத்தில் ஏற்படும் திடீர் மாற்றமும்தான். ரயில் வண்டியில் தடதடவென்ற ஓசையில் சுகமாகத் தூங்குகிறவர், வண்டி நின்றதும் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் அவரை எழுப்பவில்லை. சத்தம் நின்றதே எழுப்பியது!

வெள்ளை இரைச்சல் என்றால் என்ன?

ஏழு நிறங்களும் சேர்ந்தால் வெள்ளை ஒளி. அதுபோல மெல்லிய ஒலி, தடித்த ஒலி என எல்லா அதிர்வெண்களும் சம வலிமையில் சேர்ந்தால் அது வெள்ளை இரைச்சல். பழைய ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை வைத்தால் 'உஸ்ஸ்' என்று கேட்குமே, ஏறத்தாழ அதுதான். கூர்மையான ஒலிகளைக் குறைத்தால் கிடைப்பது இளஞ்சிவப்பு இரைச்சல். சீராகப் பெய்யும் மழையின் ஓசை இதை நெருங்கும். இன்னும் குறைத்தால் தூரத்து அருவி போன்ற தடித்த ஓசை வரும். இதற்குப் 'பிரவுன்' இரைச்சல் என்று பெயர். அந்தப் பெயர் பழுப்பு நிறத்தால் வந்தது அன்று. ராபர்ட் பிரவுன் என்ற விஞ்ஞானியின் பெயரால் வந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. வெள்ளைச் சட்டையில் மைத்துளி பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட லுங்கியில் தெரியாது. அமைதியான அறையில் நாய்க் குரைப்பு அந்த மைத்துளி. சீரான ஓசை இருக்கும் அறையில் அதே குரைப்பு அமுங்கிப் போகிறது.

மேல்நாட்டில் இதை ஒரு வியாபாரமாகவே ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பக்வால்டர் என்பவர், விடுதி அறையில் ஏர்கண்டிஷனர் ஓடினால்தான் தம் மனைவிக்குத் தூக்கம் வருகிறது என்பதைக் கண்டு, சிறு விசிறி ஒன்றை ஒரு பெட்டிக்குள் அடைத்து 1962ல் தூக்கக் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். என் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஃபேனும் அதே சரக்குதான்! 1969ல் அங்கே இர்வ் டைபெல் என்பவர் கடல் அலை ஓசையை இசைத்தட்டாக வெளியிட்டார். இன்று மழை, அருவி, காட்டு ஓசை எல்லாம் செல்போனிலேயே கிடைக்கின்றன. நம் பாட்டிமார்கள் 'ஆராரோ' என்று இழுத்துப் பாடித் தூளியை ஒரே தாளத்தில் ஆட்டியதும் இந்த வித்தையைச் சேர்ந்ததுதான்.

ஆய்வுகள் சொல்வது

லண்டனில் பிறந்து 2 முதல் 7 நாட்களே ஆன குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990ல் வெளியாயிற்று. வெள்ளை இரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்தில் உறங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான் உறங்கினார்கள்.

ஆனால் எடையைச் சரியாகப் போட வேண்டும். பெரியவர்கள் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. 38 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2021ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, சான்றுகள் வலுவற்றவை என்றே கூறியது. சிலருக்கு உதவுகிறது, சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கலாம். எனவே இது மருந்து அன்று, ஒரு பழக்கம். தூக்கத்திற்கு முன் தினமும் அதே ஓசை கேட்டால், "இனி உறங்கும் நேரம்" என்று மனம் பழகிக்கொள்கிறது. எனக்கு லாரிச் சத்தம் பழகியதும், மாப்பிள்ளைக்குச் சிள்வண்டுச் சத்தம் பழகியதும் அவ்வாறே.

பழகும் முறை

1. ஒரே ஓசையைத் தேர்ந்தெடுங்கள். இன்று மழை, நாளை அலை என்று மாற்றக் கூடாது. பாட்டும் பேச்சும் வேண்டாம். மனம் சொற்களின் பின்னால் போய்விடும். இரண்டு, மூன்று வாரங்கள் விடாமல் பழகிப் பாருங்கள்.

2. செலவு வேண்டாம். வீட்டிலுள்ள ஃபேனே போதும். கடையும் வீடும் ஒன்றாக உள்ளவர்களுக்கு ஃபிரிட்ஜ் கிளம்பி நிற்கும் சத்தத்தையும் அது மறைக்கும். செல்போனில் கேட்பதானால் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு நடுவே விளம்பரம் வந்து தூக்கிவாரிப் போடும்! திரையைக் கவிழ்த்து வையுங்கள். காதில் எதையும் மாட்டிக்கொண்டு உறங்க வேண்டாம்.

3. ஓசை தணிவாக இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் தெளிவாகக் கேட்க வேண்டும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. வெளிச் சத்தத்தை வெல்வதற்காக உள்ளே அதைவிடப் பெருஞ்சத்தம் வைப்பது, கடனை அடைக்கக் கந்துவட்டி வாங்குவது போல.

4. படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமருங்கள். கண் சொக்கியதும் திரும்பிப் படுங்கள். படுக்கையில் கணக்கு நோட்டும் செல்போனும் கூடாது. 'படுக்கை உறங்குவதற்கே' என்ற இந்த முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியல் அறிஞர் 1972ல் வகுத்தார். தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் இன்றும் கையாளும் பயிற்சியில் இது முக்கியமான பகுதி.

5. மனத்தின் இரைச்சலை ஃபேன் மறைக்காது. வரவேண்டிய பாக்கி, கட்டவேண்டிய தவணை, நாளைய கொள்முதல் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 57 பேரிடம் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்யவேண்டியவற்றைப் பட்டியல் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். நமக்குப் பட்டியல் எழுதுவது புதிதா என்ன?

6. கைக்குழந்தை உள்ள வீட்டில் கவனம் தேவை. குழந்தைகளுக்கென விற்கும் 14 ஒலிக் கருவிகளைச் சோதித்து 2014ல் ஓர் ஆய்வு வெளியானது. முழு ஒலியில் வைத்து 30 செ.மீ. தூரத்தில் அளந்தபோது மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தூளிக்கு அருகே வைக்காமல் தூரத்தில், தணிவாக வைத்து, குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறி எழுபவர்களும், வாரத்தில் மூன்று நாட்களுக்குக் குறையாமல் மூன்று மாதமாகத் தூங்காதவர்களும் ஃபேனை நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை. தூங்காத கண்ணோடு தராசு பிடித்தால் எடையும் தவறும், பேச்சும் தடிக்கும். நட்டம் கல்லாவில்தான் தெரியும்.

ஆனை வந்தா காதுல விழணும்!

இப்போது மாப்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். நகரத்தில் காசு கொடுத்துக் கேட்கும் காட்டு ஓசை மசினகுடியில் இலவசம். சிள்வண்டும் தவளையும் விடியும் வரை பாடும். ஆனால் அங்கே அது வெறும் தாலாட்டு அல்ல, காவலும்கூட. புள்ளிமான் கத்தினால் அருகில் புலியோ சிறுத்தையோ நடமாடக்கூடும். மக்களை அச்சுறுத்திய டி23 என்ற புலி 2021 அக்டோபரில் பிடிபட்டது மசினகுடிப் பக்கத்துக் காட்டில்தான். யானை நடந்து வரும் காலடியோ கேட்கவே கேட்காது. கிளை முறியும் ஓசை, நாய்கள் குரைக்கும் விதம், தகரம் நெளியும் சத்தம் ஆகியவைதான் அடையாளம்.

அரிசி மூட்டை அடுக்கிய மளிகைக் கடைக்கு இது விளையாட்டு இல்லை. அரிசிக்காகப் பந்தலூர்ப் பக்கம் வீடுகளை உடைத்த, 'அரிசி ராஜா' என்று மக்கள் பெயரிட்ட யானை 2022 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முதுமலைக் காட்டில் விடப்பட்டது. ஒரே மாதத்தில் அது கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் புகுந்து மீண்டும் பிடிபட்டது. இப்படிப்பட்ட இடத்தில் காதை அடைத்துக்கொண்டு தூங்குவது, பூட்டாத கடையில் தூங்குவதற்குச் சமம். ஒன்றாம் எண்ணில் ஓடிய ஃபேன் ஃபிரிட்ஜின் 'கிர்'ரை மறைத்தது. கிளை முறிந்தால் கேட்கும் வழியை மறைக்கவில்லை. அதுதான் சரியான அளவு.

நமக்கு யானை வராமல் இருக்கலாம். ஆனால் கடைவீதியில் தீப்பிடித்த கூக்குரல், பூட்டை நெம்பும் ஓசை, பக்கத்து அறையில் வயதான தாயார் அழைக்கும் குரல் இவையெல்லாம் நம் காதில் விழ வேண்டாமா? வேண்டாத சத்தத்தை மறைக்கட்டும். வேண்டிய சத்தத்துக்கு வழி விடட்டும்.

மறுநாள் காலை தங்கை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். "அடுத்த தடவை ஃபேன் இல்லாமப் படுத்துப் பாருங்க மச்சான், சிள்வண்டே தூங்க வெச்சுரும்" என்றார் மாப்பிள்ளை. அதற்கு இன்னும் சில இரவுகள் அங்கே தங்க வேண்டும். மண்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பதுதான் இப்போது யோசனை!