உங்களுக்கு எந்தப் பாட்டு, அக்கா?

வானொலியில் நேயர் விருப்பம் நடத்தும் எங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அழைக்கும் அம்மாக்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று பாட்டு கேட்பதில்லை. வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று வாழ்த்துப் பட்டியல் நீளும். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து அடிக்கடி அழைக்கும் ஓர் அக்காவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "சரிக்கா, உங்களுக்கு எந்தப் பாட்டு?"

மறுமுனையில் பேச்சே இல்லை. வானொலியில் அமைதி ஆகாது. நானே ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த விடுப்பு நாளில் அவர் வீட்டுக்கே போனேன்.

பெஸ்தாரி ஜெயா என்பது 2007இல் வந்த பெயர். பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அக்கா பிறந்தது அருகிலிருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே பெரட்டு. பிள்ளை ஆயாக் கொட்டகையில் வளர்ந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. இருட்டில் எழுவது மட்டும் மாறவில்லை. கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை. ஈஜோக்கில் தொடங்கும் 33 கிலோமீட்டர் லத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்ட பிறகு, அவருக்குத் தினமும் அந்த வழிதான்.

"அம்மா பெரட்டுக்கு எழுந்தாங்க. நான் டோலுக்கு எழுறேன்" என்று சிரித்தார் அக்கா. "ஆனா, லயத்துல பைப்படியில நின்னா நாலு பேரு பேசுவாங்க. இங்க ஆளுக்கொரு கேட்டு."

அவருடைய சந்தோஷங்களைக் கேட்டேன். பள்ளி வேன் போனதும் துணி இயந்திரத்தை முடுக்கிவிட்டு, பின்வாசல் நாற்காலியில் இரண்டாவது கோப்பி. பக்கத்தில் வானொலி. "முதல் கோப்பி வேலைக்கு. இது எனக்கு." பாசார் மாலாமில் அப்பாம் பாலிக் வாங்கினால், ஒன்றைக் காரிலேயே சாப்பிட்டுவிடுவாராம். "வீட்டுக்கு வந்தா பங்கு போடணுமே!" ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கம்போங் குவாந்தான் மின்மினி பார்த்திருக்கீங்களாக்கா?"

"பிள்ளைங்களைப் பள்ளியில கூட்டிட்டுப் போனாங்க. அவரு கூட்டாளிங்களோட போயிருக்காரு. நான் போனதில்ல, தங்கச்சி."

காரில் அரை மணி நேர ஊர். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஆனால் மின்மினிகள் மினுக்கத் தொடங்குவது இருட்டிய பிறகு. அக்கா அடுப்படியில் நிற்பதும் அதே நேரத்தில்தான்.

அந்தச் சனிக்கிழமை சமையலைக் கணவரிடம் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம். இயந்திரம் இல்லாத துடுப்புப் படகு. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் முழுக்க வெளிச்சப் புள்ளிகள், ஒரே தாளத்தில் அணைந்தும் எரிந்தும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் விதம் அது. கரையோர ஈரமண்ணில் சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளரும் புழுக்கள்தான் இப்படி மின்மினியாகின்றன. கரையை வெட்டி வெளியாக்கினால் இந்த வெளிச்சமும் போய்விடும்.

அக்காவின் கைப்பேசி அதிர்ந்தது. "ரைஸ் குக்கர்ல எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு கேட்கிறாரு" என்றார். பதில் அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். கரை சேரும்வரை வெளியே எடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இந்த அமைதியை நான் எந்தப் பாட்டாலும் நிரப்பவில்லை.

திங்கட்கிழமை அவர் அழைப்பு வந்தது. "இன்னைக்கு எனக்கு ஒரு பாட்டு போடு, தங்கச்சி."

"எந்தப் பாட்டுக்கா?"

"அதான் யோசிக்கிறேன். நாளைக்குச் சொல்லவா?"

இன்று ஞாயிறு. உங்கள் வீட்டு அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது? தெரியாவிட்டால் கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அவசரப்படுத்தாதீர்கள்.