ரேந்தை வழி ஒரு வம்சம்: எலைசா கால்டுவெல்லின் குடும்ப வரலாறு

கால்டுவெல் என்றதும் 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணமும் 1968இல் மெரினாவில் வைத்த சிலையும் நம் நினைவுக்கு வரும். மொழிகளைக் 'குடும்பம்' என்றும் உறவு என்றும் பேச நமக்குக் கற்றுத் தந்த பிரதி அது. ஆனால் அதை எழுதியவரின் சொந்தக் குடும்பத்தை நாம் எந்த வழியில் வாசித்திருக்கிறோம்? ஆண்வழியில்தான். பெண்வழியில் வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இங்கே கேள்வி.

ஆண்வழி எல்லாருக்கும் தெரிந்தது. ராபர்ட் கால்டுவெல் 1814இல் வட அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் பெற்றோருக்குப் பிறந்தார். பிரஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. மூப்பர்கள் கூடிச் சபையை நடத்துவார்கள். அந்த மரபில் பிறந்தவர் 1838இல் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் இறங்கி, 1841இல் ஆங்கிலிக்கன் குருவாகி இடையன்குடிக்கு வந்து, 1877இல் பிஷப்பே ஆனார். பிறந்த சபை ஒன்று, கப்பல் ஏற்றிவிட்ட சங்கம் இன்னொன்று, அடக்கமான சபை வேறொன்று.

இனி பெண்வழி. சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி 1819இல் நாகர்கோவில் வந்தார்கள். அவர்கள் மகள் எலைசா 1822இல் பிறந்தார். பிறந்த மண் நாஞ்சில் நாடு. சொத்தும் வம்சமும் பெண்வழி போகிற மருமக்கள்வழி, அண்டை அயல் வீடுகளில் நடைமுறையாக இருந்த ஊர். 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடித் தேரி மணலுக்கு வந்தபோது எலைசா கொண்டுவந்த சீதனம் இரண்டு என்று சொல்லலாம்: ஒன்று தமிழ், மற்றொன்று ரேந்தை.

ரேந்தை என்பது போர்த்துக்கீசியச் சொல். முத்துக்குளித்துறைக்கு மதமும் துப்பாக்கியும் கொண்டுவந்தவர்கள் விட்டுப்போன சொற்களில் இதுவும் ஒன்று. மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்கள் விடுதிப் பள்ளியில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுகிற வேலை. விற்ற காசில் பள்ளிச் செலவு ஓடியது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் இந்தக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். திருவிதாங்கூரில் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். கை அதற்கு முன்னாடியே கணக்கைத் தீர்த்துவிட்டது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று 1859இல் அரசு அறிவிக்கும்வரை, உடை ஒரு போராகவே நடந்த நாடு அது. துணியும் நூலும் ஊசியும் அங்கே வெறும் 'பெண் கைவேலை' அல்ல. உடம்பின் மீதான அதிகாரத்தோடு நேரே மோதுகிற பொருட்கள். தாயிடம் கற்ற இதே ஏற்பாட்டைத்தான் எலைசா இடையன்குடியில் விடுதிப் பள்ளியாகவும் ரேந்தையாகவும் ஊன்றினார்.

அப்படீன்னா இது புனிதக் கதையா? இல்லை. இந்தக் குடும்பத்துக்கு வேலி இருந்தது. நாகர்கோவில் மிஷனின் மூத்தவர் சார்லஸ் மீட், 1850களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தார். அதோடு லண்டன் மிஷனில் அவர் வேலை முடிந்தது. 'எல்லாரும் சகோதரர்' என்ற சொல்லாடலும், மணமேடையில் கிழித்த கோடும் ஒரே வீட்டில் இருந்தன. மிஷனரி மகள் மிஷனரிக்கு, அவர்கள் மகள் இன்னொரு மிஷனரிக்கு என்று ரத்தவழி சுத்தமாக ஓடியது. கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளை 1894இல் பதிப்பித்ததும் மருமகன் வயாட்தான். மாமனார் பேச, மருமகன் தொகுக்க, நடுவில் இருந்த பெண்கள் அடிக்குறிப்பு ஆனார்கள்.

தமிழ் விஷயத்தைப் பாருங்கள். கால்டுவெல் தமிழை வயசான பிறகு படித்தவர். எலைசாவுக்கோ அது ஆயாமாரும் விளையாட்டுத் தோழிகளும் பேசிய பாஷை. 'தாய்மொழி' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் உயிருள்ள உதாரணம் அவர்தான். பேச்சுத் தமிழைக் காதால் அறிந்தவர் ஒருபக்கம், இலக்கணமாக்கிய ஆசிரியர் மறுபக்கம். ஆசிரியன் என்ற இடம் எப்போதும் ஒற்றை ஆளுக்கே ஒதுக்கப்படுவதால், கூட இருந்த காது கணக்கில் வராது.

1883இல் குடும்பம் தூத்துக்குடிக்கு வந்தது. கால்டுவெல் பெயரில் கல்லூரியும் அங்கே எழுந்தது. அந்தத் துறைமுகத்தில் 1750இல் டச்சுக்காரர் கட்டிய கோயில் ஏற்கனவே நின்றது. மூப்பர்கள் நடத்தும் சபை முறையில் பிரஸ்பிட்டேரியனுக்குப் பங்காளி முறை அது. ஆள்கிற கொடி மாறினால் கோயிலின் சபை மாறும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. கால்டுவெல் 1891இல் இறந்தார், எலைசா 1899இல். இடையன்குடிக் கோயிலில் இருவரும் அடக்கம். பெயர்ப் பலகை, தபால்தலை, நினைவில்லம் எல்லாம் ஒருவருக்குத்தான்.

எலைசாவைத் தனியே எடுத்து இன்னொரு சிலை வைப்பதால் இது தீராது. ரத்தவழி போன குடும்பத்துக்குப் புத்தகம் இருக்கிறது. கைவழி போன குடும்பத்துக்கு இல்லை. மார்த்தாவிடமிருந்து எலைசாவுக்கு, எலைசாவிடமிருந்து தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்கு என்று சாதி வேலியைத் தாண்டிப் போன வம்சம் இரண்டாவதுதான். விடுதிப் பிள்ளைகளுக்குச் சீமையில் பணம் கொடுத்தவர்களின் பேரையே சூட்டுவது அன்றைய மிஷன் வழக்கம். அந்தப் பேர்கள் பேத்திகளுக்கும் இறங்கின. குடும்ப வேதப் புத்தகத்தின் முன்தாளில் பிறப்பு, இறப்பு எழுதிவைக்கும் பழக்கம் தெக்கத்தி வீடுகளில் உண்டு. அங்கே ஒரு மார்த்தாவோ எலைசாவோ இருந்தால், அதைச் சும்மா வேதப்பேர் என்று தள்ளாமல், அவள் யாரிடம் படித்தாள், என்ன பின்னினாள், அந்தக் காசில் என்ன வாங்கினாள் என்று பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். திராவிடக் குடும்பம் என்று நாம் சொல்வதன் அடுத்த அத்தியாயம் அங்கேதான் தொடங்கும்.