வீடியோ விளையாட்டு இயற்றப் புகுவோர்க்கு

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி இளைஞர் பலருக்கு வீடியோ விளையாட்டுகளை ஆடுவதில் மட்டுமன்றி, அவற்றைத் தாமே இயற்றிப் பார்ப்பதிலும் ஆர்வம் உண்டு. ஆயினும் அது பெருநகரங்களில், விலையுயர்ந்த யந்திரங்களின் முன் அமர்ந்து செய்யத்தக்க தொழில் என்றெண்ணி, தொடங்கும் முன்னரே தயங்கி நின்றுவிடுகின்றனர். யந்திரம் பிற்பாடு வருவது. முதலில் வேண்டுவது விதி.

நாமறிந்த ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கட்டத்தில் கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லாக் காய்களும் இறங்கிவிட்டால், 5 இடங்களே காலியாக எஞ்சும். ஆட்டத்தின் உயிர் அந்த ஐந்து இடங்களில் இருக்கிறது. ஆடுகளை 20 ஆக்கினால் கட்டம் முழுதும் அடைபட்டுப்போம். 8 ஆக்கினால் புலியை மடக்குவது மிக அரிதாம். மாணவர் ஒருவர் தரையிற் கட்டம் வரைந்து, ஆடுகளின் தொகையை மாற்றி மாற்றித் தோழருடன் பத்து முறை ஆடி, வென்றவர் யாரென்று குறித்துவைப்பாராயின், இவ்வித்தையின் முதற்பாடத்தைக் காசு செலவின்றிக் கற்றவராவார்.

இதனை எளியவர்க்குச் சொல்லும் வெறும் ஆறுதல் என்று கொள்ளலாகாது. 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் டெட்ரிஸ் விளையாட்டை இயற்றிய அலெக்ஸி பஜித்நவ் என்பாருக்கு, ஐந்து சதுரங்கள் சேர்ந்த துண்டுகளை அடுக்கும் மேசைப் புதிர் ஒன்றே தூண்டுகோலாயிற்று. அவர் ஐந்தை நான்காகக் குறைத்தார். அவர் கையாண்ட கணினியோ படம் வரைய வல்லதன்று. எழுத்துக் குறிகளைக் கொண்டே துண்டுகளைக் காட்டினார். உலகெங்கும் பரவியது அவ்விதியே.

நம்மவர் முயற்சிக்கும் நல்லதோர் உதாரணம் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023-இல் "வெண்பா" என்ற விளையாட்டை வெளியிட்டனர். 1988-இல் கனடா சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் சமையற் குறிப்பேடு சிதைந்துவிட்டது. விடுபட்ட வரிகளை ஆடுவோர் ஊகித்துச் சமைக்கவேண்டும். இட்டிலித் தட்டுகளை அடுக்கும் முறையே அதில் ஒரு புதிர்! 2024-இல் அதற்குப் பாஃப்டாவின் முதற்படைப்புப் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டவுடன், "நான் கங்கைகொண்ட சோழபுரத்தை விளையாட்டாக்குவேன்" என்று ஒருவர் புறப்படலாம். மகிழ்ச்சியே, ஆனால் ஊர்ப்பெயர் விளையாட்டாகாது. ஆடுபவர் அங்கே என்ன செய்வார்? எதை இழக்க நேரிடும்? இவ்விரண்டுக்கும் விடை வேண்டும். காரை அருகேயுள்ள செம்மண் ஓடைகளில், பண்டைக் கடலுயிர்களின் கல்லுருக்களை மழை அரித்து வெளிக்காட்டுகிறது; அம்மழையே அவற்றை உருட்டிக் கொண்டுபோகவும் கூடும். ஒவ்வொரு முறையும் "இப்போதே எடுப்பதா, அடுத்த மழைக்குக் காத்திருப்பதா?" என்ற ஐயத்தை எழுப்பினால், அங்கே ஒரு விளையாட்டு பிறந்துவிடும். காகிதத் துண்டுகளும் ஒரு தாயக்கட்டையும் அதற்குப் போதும்.

காகிதத்தில் சுவைத்தது கணினிக்குப் போகட்டும். பழைய மடிக்கணினியாயினும் ஸ்கிராட்ச் என்னும் இலவசச் சாதனம் தொடக்கத்துக்கு உதவும். பயிற்சி ஏறியபின் கோடோ என்பதைப் பழகலாம், அதுவும் இலவசமே. முதல் முயற்சி ஐந்து நிமிடத்தில் ஆடி முடிப்பதாக இருக்கட்டும். பெருங்காப்பியம் தொடங்கி முதற்காண்டத்திலேயே கைவிட்டவர் பலர். செய்து முடித்ததை மற்றொருவரிடம் கொடுத்து, விளக்கம் ஒன்றும் சொல்லாது, அவர் எங்கே திகைக்கிறார் என்று பார்த்திருத்தல் மிகக் கடினமான பயிற்சி. வாய் தானே திறக்கும்!

பெற்றோரின் அச்சத்தையும் புறக்கணித்தல் தகாது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் கெட்டதை அவர்கள் அறிவர். அவ்வாட்டங்களைத் தடைசெய்து 2025-இல் இந்திய அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டம் பணயமில்லா விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் வகை செய்கிறது. பட்டம் பெற்றபின் முறையாகப் பயில விழைவோர்க்குத் தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூர் வளாகத்தில் இத்துறைக்கெனவே முதுநிலைப் படிப்பு உண்டு. அங்கே நுழைவுத் தேர்வுக்குச் செல்பவர், தாம் ஆடிய விளையாட்டுகளின் பட்டியலினும், தாம் செய்து முடித்த சிறு விளையாட்டுகள் இரண்டு மூன்றைக் கையிற்கொண்டு செல்வது நலம்.