கரண்ட் நின்ன பிறகும் எரியுற விளக்கு



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. நம்ம கோவையில் இருந்தும் மின்வாரிய ஊழியர்கள் போய்க் கம்பம் நட்டாங்க. அப்படியும் பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டுதான். மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏறலை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடிச்சுத் தொட்டியை நிரப்பினாங்க.

"நம்மூருக்குப் புயலா வரப்போகுது?" என்று கேட்கலாம். 2012-ல் மணிக்கணக்கான மின்வெட்டில் விசைத்தறி நின்னு கூலி போனதை நாம மறந்திருக்க மாட்டோம்.

மாடியில் சோலார் போட்டா போதுமா? இங்கேதான் பலர் ஏமாந்து போறாங்க. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியத்தோடு போடுவது மின்வாரிய லைனோடு சேர்ந்த அமைப்பு. பேட்டரி இல்லாவிட்டால், லைனில் கரண்ட் நின்னதும் அதுவும் தானா நின்னுடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கரண்ட் பில் குறையும், வாஸ்தவம்தான். ஆபத்து நேரத்துக்கு பேட்டரி வெச்ச அமைப்புதான் கைகொடுக்கும்.

எவ்வளவு பெரிசு வேணும்? கணக்குப் போட்டுப் பாருங்க. 5 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, தினம் 5 மணி நேரம் எரிஞ்சா 100 வாட்-மணி. நாலு செல்போனுக்கு இன்னும் 50. ஆக மொத்தம் 150. 50 வாட் பலகை நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 200 வாட்-மணி வரை தரும். ஆனா புயல் மழைக்குப் பிறகு மப்பும் மந்தாரமுமா இருக்கும், பாதிகூடக் கிடைக்காது. அதனால் 100 வாட் பலகையே நல்லது. மிக்சி, கிரைண்டர் நினைப்பே வேண்டாம். 1 எச்.பி. மோட்டாருக்கே 750 வாட் வேணும், அதுக்குத் தனிப் பலகைகள் போடணும்.

வாங்குவதைவிடப் பராமரிப்பதுதான் கஷ்டம். ஈய பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், சில வருஷத்தில் மாத்தவும் வேணும். இலவசமா வந்த விளக்கு மூலையில் கிடப்பதற்கு இதுதான் காரணம். ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து பேர்ஃபுட் கல்லூரி, படிக்காத அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் சோலார் பொருத்தவும் பழுது பார்க்கவும் கத்துக் கொடுத்தது. உள்நாட்டுப் போரில் நொறுங்கிய சியரா லியோன் நாட்டுப் பெண்களும் அங்கே வந்து படிச்சுட்டுப் போயிருக்காங்க. நம்மால் முடியாதா என்ன?

குழுவில் பொதுவா ஒரு செட் வாங்குவதாக இருந்தால், பேட்டரிக்கு மாசச் சந்தா எவ்வளவு, தண்ணி அளவு பார்ப்பது யார், புயல் எச்சரிக்கை வந்தா பலகையைக் கழற்றி உள்ளே வைப்பது யார் என்று முதலிலேயே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க.