நீராவிக் கதைகளுக்குப் பெயர் வைத்தவர்

பித்தளைக் குழாய்கள், பற்சக்கரங்கள், வானில் மிதக்கும் கப்பல்கள். மின்சாரம் பரவுவதற்கு முன்பே, நீராவிக் காலத்திலேயே மனிதன் கணினியைச் செய்திருந்தால் உலகம் எப்படி மாறியிருக்கும்? இப்படிக் கேட்கும் கதைகளை ‘ஸ்டீம்பங்க்’ என்கிறார்கள். திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் நீங்கள் இவற்றைப் பார்த்திருக்கலாம். இந்தப் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா?

அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர். 1950ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். கல்லூரி நாள்களில் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் என்ற இரு நண்பர்கள் அமைந்தார்கள். மூவரும் பின்னாளில் எழுத்தாளர் ஆனார்கள். புகழ்பெற்ற அறிவியல் புனைகதை ஆசிரியர் பிலிப் கே. டிக்கின் நட்பும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஜீட்டரின் தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. 1972ல் எழுதிய ‘டாக்டர் ஆடர்’ நாவலை டிக் மனமாரப் பாராட்டினார். ஆனால், அதில் இருந்த வன்முறையும் பாலியல் காட்சிகளும் பதிப்பாளர்களைத் தயங்க வைத்தன. நூல் வெளிவந்தது 1984ல். அதற்குள் டிக் காலமாகிவிட்டார்.

இடையில், 1979ல் ‘மோர்லாக் நைட்’ வெளியானது. எச்.ஜி. வெல்ஸ் 1895ல் படைத்த கால இயந்திரம் அரக்கர்களின் கையில் சிக்கி, அவர்கள் லண்டனுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதே கதை. பவர்ஸும் பிளேலாக்கும்கூட 19ஆம் நூற்றாண்டு லண்டனைக் களமாக வைத்து எழுதினார்கள்.

இந்த வகைக் கதைகளை என்னவென்று அழைப்பது? 1987ல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஜீட்டர் ஒரு யோசனை சொன்னார். அப்போது கணினி உலகைப் பேசும் ‘சைபர்பங்க்’ கதைகளுக்கு மவுசு. சைபரை எடுத்துவிட்டு நீராவியைக் குறிக்கும் ‘ஸ்டீம்’ என்ற சொல்லை வைத்தார். பாதி விளையாட்டாகச் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டில் வெளியான அவரது ‘இன்ஃபெர்னல் டிவைசஸ்’ நாவலின் நாயகன் ஜார்ஜ் டவர். கடிகாரம் செய்வதில் மேதையான தந்தையின் கடை அவனுக்கு வருகிறது. தந்தையின் திறமை வரவில்லை. அவர் விட்டுச்சென்ற இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரியாமலே அவற்றோடு அல்லாடுகிறான். உங்கள் கைப்பேசியைத் திறந்து பார்த்தால் நீங்களும் அவனைப் போலத்தான் விழிப்பீர்கள், இல்லையா?

நீராவிக் காலக் கணினி வெறும் கனவு அல்ல. ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜ், பற்சக்கரங்களால் கணக்கிடும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதன் அடிப்படை எளிது. 1, 4, 9, 16 ஆகிய வர்க்க எண்களின் வித்தியாசம் 3, 5, 7. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் எப்போதும் 2. ஆகவே, பெருக்கவே வேண்டாம். கூட்டிக்கொண்டே போனால் அடுத்த வர்க்க எண் வந்துவிடும். கூட்டலைச் சக்கரங்கள் செய்துவிடும்.

பாபேஜ் அதைக் கட்டி முடிக்கவில்லை. அவர் வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1990ல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவலில் கற்பனை செய்தார்கள். மறு ஆண்டே லண்டன் அறிவியல் அரும்பொருளகம் பாபேஜின் வரைபடங்களைக் கொண்டு கணக்கிடும் பகுதியை உருவாக்கியது. பாகங்களின் துல்லியம் பாபேஜ் காலத்தில் எட்டக்கூடிய அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். கைப்பிடியைச் சுழற்றினார்கள், சரியான விடை வந்தது!

பெயர் வைத்தவரோ வேறு திசையில் போனார். ‘பிளேட் ரன்னர்’, ‘ஸ்டார் வார்ஸ்’ என மற்றவர்கள் படைத்த உலகங்களுக்கு நாவல்கள் எழுதினார். 26 ஆண்டுகள் கழித்து, 2013ல்தான் ஜார்ஜ் டவரின் கதையைத் தொடர்ந்தார்.

அதற்குள் அந்தப் பெயர் லண்டனைத் தாண்டி வந்திருந்தது. 2015ல் சிங்கப்பூரின் ஜாய்ஸ் சிங்கும் மலேசியாவின் ஜெய்மி கோவும் தென்கிழக்காசிய ஸ்டீம்பங்க் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். மலாயாவின் முதல் ரயில் 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியதும் நீராவியால்தான். அந்த ரயிலில் பாபேஜின் இயந்திரம் வந்து இறங்கியிருந்தால்? அடுத்த கதையை நீங்களே எழுதிப் பாருங்களேன்.